ஏணிக்குக் கீழே நான் இல்லாத நான்கு நிமிடங்கள்

ஏணிக்குக் கீழே நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேலே ஏறுபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என் மகள் இருக்கிறாள். கீழே நிற்பவருக்கு யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லித் தருவதில்லை. பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்பார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நின்றேன்.

மகளின் பெயர் ஆரணி. வயது இருபத்தாறு. வீடுகளுக்கும் பிளாசாக் கடைகளுக்கும் யன்னல் துடைப்பது அவளுடைய சொந்தத் தொழில். பல்கலைக்கழகம் முடித்துவிட்டு இதைத் தொடங்கியபோது உறவினர் பலருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் ஒரு அம்மா, "கம்பஸ் முடிச்ச பிள்ளை ஏணியில ஏறுதாம்" என்று அவளுக்குக் கேட்கும்படியே சொன்னார். "ஏறினாத்தானே அன்ரி உங்கட யன்னல் ஊத்தை தெரியும்" என்றாள் இவள். அடுத்த கோடையில் அந்த அம்மாவே அவளைக் கூப்பிட்டு வீடு முழுவதும் துடைப்பித்தார்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் நான் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டபோது, வீட்டில் இருந்து சுவரைப் பார்க்காமல் என்னோடு வாருங்கள் என்று ஆரணிதான் அழைத்தாள். ஊரில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள் நான். நாலடி உயரத்துக்கு ஏணியின் அடி ஓரடி வெளியே இருக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, அந்தக் கோணத்தை மனத்தில் கணக்கிட்டுச் சொன்னேன். "அம்மா, கோணம் எல்லாம் சரி, நீங்கள் கையை விடாமல் நிண்டாக் காணும்" என்று சிரித்தாள்.

குளிர்காலத்தில் அவள் பெரும்பாலும் தரையில் நின்றபடி கடைக் கண்ணாடிகளையே துடைப்பாள். வாளித் தண்ணீர் உறையாதிருக்க, கார்க் கண்ணாடிக்கு ஊற்றும் நீலத் திரவத்தைக் கலப்பாள். வெப்பநிலை மறை பத்துப் பாகைக்குக் கீழே போனால் ஏணியைக் காரிலிருந்து இறக்குவதே இல்லை. அது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் அன்று அவள் மீறினாள். மீறச் செய்தது நல்ல நாள்.

தை பிறந்ததும் புதுவீட்டில் பால் காய்ச்ச நாள் பார்ப்பது நம்மவர் வழக்கம். இங்கே தையில்தான் மூக்கு மயிரும் உறைகிறது. ஐயர் குறித்துக் கொடுத்த நாளை யாரும் சித்திரைக்குத் தள்ளுவதில்லை. ஸ்ரௌவ்வில் நகரில் புதிதாக எழும்பிய தெருவொன்றில், எங்களுக்குத் தெரிந்த சுகந்தியின் குடும்பம் வீடு வாங்கியிருந்தது. யன்னல்களில் கட்டட வேலைத் தூசியும், ஒட்டிய தாள்களின் பசையும் அப்படியே இருந்தன. முந்தைய நாளே துடைத்திருக்க வேண்டும். அன்று விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் உறைமழை பெய்ததால் போக முடியவில்லை. மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குள் பால் பொங்க வேண்டும். வாசலுக்கு மேலே இருக்கும் பெரிய யன்னலையாவது அதற்கு முன் துடைத்துத் தரும்படி சுகந்தி தொலைபேசியில் கெஞ்சினார்.

வெளியே மறை பதினான்கு. ஆரணி வாசல் கல்லில் படிந்திருந்த பனிக்கட்டியைக் கொத்தி எடுத்தாள். மிச்சம் உருகட்டும் என்று உப்புப் போட்டாள். ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் ஏணியை நிறுத்தினாள். வழமையாக ஏணியின் மேல் முனையை எங்காவது கட்டுவாள். புதுவீட்டின் வழுவழுத்த சுவரில் கட்ட ஒரு இடமும் இல்லை. அதனால் என்னைக் கீழ்ப்படியில் ஏறி நின்று இரண்டு பக்கத்தையும் பிடிக்கச் சொன்னாள்.

"இண்டைக்கு உங்கட பாரம்தான் அம்மா ஏணியை வைச்சிருக்கு. நான் நிலத்தில கால் வைச்சாப் பிறகுதான் நீங்கள் இறங்கலாம்."

நான் ஓம் என்றேன்.

அவள் மேலே துடைத்த தண்ணீர் சுவர் வழியாக வடிந்து விரிப்பின் ஓரத்தில் சொட்டியது. நீலத் திரவம் கலந்திருந்தும் அந்தக் குளிரில் அது கண்ணாடித் தகடு போல இறுகியது. அதை நான் பார்த்தேன். என் பாரம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது சுகந்தி கதவைத் திறந்தார். பட்டுச் சேலை, தலையில் பூ. "அக்கா, இன்னும் நாலு நிமிசம்தான் கிடக்கு. நாங்கள் சுமங்கலிகள் நாலு பேர் நிக்கிறம். அஞ்சாப் போனால் நல்லது. ஒரு பிடி அரிசி போட்டிட்டு வாங்கோ." நான் தயங்கினேன். "நல்ல காரியத்துக்குக் கூப்பிடுறன், மாட்டன் எண்டு சொல்லாதேங்கோ அக்கா" என்றார்.

நான் மேலே பார்த்து, "பிள்ளை, ரெண்டு நிமிசம்" என்றேன். காதை மூடிய தொப்பியோடு ஆரணி கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குக் கேட்டதா என்று நான் பார்க்கவில்லை. படியிலிருந்து இறங்கினேன்.

வாசலில், பனியில் வழுக்காதிருக்க முள் பூட்டிய சப்பாத்துகளைக் கழற்ற வேண்டியிருந்தது. விரல் விறைத்துப்போய் முடிச்சு அவிழவில்லை. ஒருவர் குனிந்து அவிழ்த்துவிட்டார். உள்ளே அடுப்பில் புதுப்பானை. அரிசியை அள்ளிப் போட்டேன். ஈரக் கையில் சில மணிகள் ஒட்டிக்கொண்டன, அவற்றையும் உதறிவிட்டேன். அதற்குள் வெளியே அலுமினியம் கல்லில் உராயும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வந்த சத்தத்தை எழுத மாட்டேன்.

வெறும் காலுறையோடு ஓடினேன். ஆரணி மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. "காலைக் காணேல்லை அம்மா" என்றாள். கால் அங்கேதான் இருந்தது. நான் அதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். நான் தொடுவது அவளுக்குத் தெரியவில்லை.

அம்புலன்சில் வந்தவர் எப்படி விழுந்தாய் என்று கேட்டார். தூர மூலையை எட்டித் துடைக்கச் சாய்ந்துவிட்டேன், என் பிழை என்று ஆரணி ஆங்கிலத்தில் சொன்னாள். ஏணியில் நிற்பவரின் இடுப்புப் பட்டிக் கொக்கி ஏணியின் இரண்டு பக்கத் தண்டுகளுக்கும் வெளியே போகக் கூடாது என்று அவள் எப்போதும் சொல்வாள். தான் அதை மீறியதால்தான் விழுந்ததாக நம்பினாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் சொன்னதைத் திருத்தவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் அவளுடைய உடுப்புகளைக் கத்தரியால் வெட்டினார்கள். "புதுக் குளிர் ஜாக்கெற். ரிசீற் காருக்குள்ள கிடக்கு, திருப்பிக் குடுக்கலாம்" என்று அவள் தாதிக்கு ஆங்கிலத்தில் பகிடி விட்டாள். தாதி சிரித்தார். வெட்டிய துண்டுகளை நான் ஒரு பையில் போட்டேன்.

பரிசோதனைக்கூட வாசலில் நானும் கணவரும் காத்திருந்தோம். எங்கள் வீடு இருக்கும் மில்லிக்கன் பகுதியில் ஒரு பொருட்களஞ்சியத்தில் வேலை செய்பவர், வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். கையில் வேலைக் கையுறை. என்ன நடந்தது என்று கேட்டார். "ஏணி வழுக்கினது" என்றேன். அது பொய் இல்லை. அப்படித்தான் என்னை நானே அன்று தேற்றிக்கொண்டேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் இளம் பெண். திரையில் படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். முதுகெலும்பு மார்பைத் தாண்டி இடுப்புக்கு இறங்கும் இடத்தில் இருக்கும் எலும்பு ஒன்று நொறுங்கியிருக்கிறது. இதை வெடிப்பு முறிவு என்பார்கள். சீனிக்கட்டியை மிதித்தால் நாலா பக்கமும் சிதறுவது போல எலும்பு சிதறி, ஒரு துண்டு பின்னால் நரம்பு ஓடும் குழாய்க்குள் தள்ளப்பட்டிருக்கிறது. வலது குதிகாலும் உடைந்திருக்கிறது. உயரத்திலிருந்து காலூன்றி விழுபவர்களுக்கு இரண்டும் சேர்ந்து வருவது வழக்கமாம். முதுகில் கம்பிகளும் திருகாணிகளும் வைத்துக் கட்டி, நரம்பை அழுத்தும் துண்டை அகற்ற வேண்டும்.

நடப்பாளா என்று என் கணவர் கேட்டார்.

இப்போது சொல்ல முடியாது என்றார் அவர். நரம்பு முழுவதும் அறுந்ததா, நசுங்கியதா என்பதைப் பொறுத்தது. நசுங்கிய நரம்பு அதிர்ச்சியில் சில நாட்கள் செத்தது போலக் கிடக்கும். பிறகு எழும்பவும் கூடும், எழும்பாமலும் போகும். ஆசனவாய்ப் பகுதியில் சிறிதளவேனும் உணர்வு இருந்தால் முழுவதும் அறுபடவில்லை என்று கொள்ளலாம். வெட்கப்படாமல் அதையும் எழுதுகிறேன். அன்று உலகத்தில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சத்திரசிகிச்சை முடிய ஆறு மணி நேரம் ஆனது. காத்திருப்பு அறையில் என் கணவர் தேநீர் வாங்கி வந்தார், இரண்டு பேரும் குடிக்கவில்லை. அவர் கையுறைகளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். அவருக்குச் சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, "நீயாவது பக்கத்தில நிண்டாய். தனிய விழுந்திருந்தால் பிள்ளை என்ன செய்திருக்கும்" என்றார் அவர். குடிக்காத தேநீர்க் கோப்பைகளை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அதன் பிறகு வந்த நாட்களை ஊசியால் எண்ணினேன். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாதி வந்து ஆரணியைக் கண்ணை மூடச் சொல்வார். ஊசியின் கூரான முனையாலோ மொட்டை முனையாலோ காலைத் தொடுவார். கூரா, மொட்டையா என்று ஆரணி சொல்ல வேண்டும். தொடையில் பாதி வரை சரியாகச் சொன்னாள். அதற்குக் கீழே ஊசி பட்டுக்கொண்டே இருக்கும். அவள் கண்ணை மூடியபடி, எப்போது தொடங்குவீர்கள் என்று தாதியைக் கேட்பாள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். யன்னலைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை. வேறு எங்கே பார்ப்பது?

அவளைப் புரட்ட நான்கு பேர் வேண்டும். தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே மரக்கட்டை போல ஒன்றாகத் திரும்ப வேண்டும். சிறுநீர் நிரம்பியது தெரியாததால் குழாய் போட்டிருந்தார்கள். என் கணவர் வாளியும் போத்தலும் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே அவளுக்குத் தலை கழுவினார். ஆண்பிள்ளைக் கை, சிக்கெடுக்கத் தெரியாது. ஒரு மணி நேரம் ஒவ்வொரு முடியாகப் பிரித்தார். "அப்பா, சலூன்காரருக்குக் குடுக்கிற மாதிரி ரிப்ஸ் தருவன்" என்றாள் அவள். அவர் முகத்தைக் காட்டாமல் குழாயடிக்குப் போனார்.

மருத்துவமனைக்குப் பணம் கட்டத் தேவை இருக்கவில்லை. மற்றதெல்லாம் எங்கள் தலையில் விழுந்தது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு விபத்துக் காப்புறுதி தானாக வராது, தாங்களாகக் கேட்டு எடுக்க வேண்டும். ஆரணி எடுத்திருக்கவில்லை. வாசிப்பவர்களில் யாராவது ஏணித் தொழில் செய்தால் அதை முதலில் எடுங்கள்.

ஐந்தாம் நாள் சுகந்தி வந்தார். பையில் கஞ்சி, கடதாசிச் சரையில் திருநீறு. ஆரணிக்குத் திருநீறு பூசிவிட்டு என்னை நடையில் தனியே கூட்டிப்போய் அழுதார். அழுது முடித்ததும் மெல்லிய குரலில் கேட்டார்.

"அக்கா, நான் கூப்பிட்டது பிள்ளைக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அவருக்கு?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "புதுவீடு அக்கா. பால் காய்ச்சின அண்டைக்கே எண்டு சனம் கதைச்சால் நாங்கள் அதுக்குள்ள எப்பிடி இருக்கிறது." அவர் முகத்தில் தெரிந்த ஆறுதலைப் பார்த்து எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கும் அதே ஆறுதல்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கைபிடித்துக்கொண்டு அந்த நடையில் நின்றதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

எட்டாம் நாள் இடது பெருவிரல் அசைந்தது. தாதி இன்னொரு தாதியைக் கூப்பிட்டு அசைத்துக் காட்டச் சொன்னார். வலது கால் அசையவில்லை. நிபுணர் மகிழ்ச்சியோடு வந்தாலும் கவனமாகப் பேசினார். நரம்பு முழுவதும் அறுபடவில்லை. எவ்வளவு திரும்பும் என்பது மாதக் கணக்கில்தான் தெரியும். சிலர் தடியோடு நடக்கிறார்கள், சிலர் சக்கரக் கதிரையை விட்டு எழும்புவதில்லை. ஆரணியை மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

அங்கே வந்த மூன்றாம் நாள் பிற்பகல், அவள் கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு குரல் செய்தி பதிவுசெய்தாள். ரொறன்ரோ பக்கத்தில் துப்புரவு வேலை செய்யும் தமிழ் ஆட்களுக்கு ஒரு குழு இருக்கிறது. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். மகனை ஏற்றிவிட்டுத் தகப்பன் பிடிப்பது, புருசனை ஏற்றிவிட்டுப் பெண்சாதி பிடிப்பது என்று எல்லாம் எங்களைப் போன்ற குடும்பங்கள்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு என்ன நடந்தது எண்டு கன பேர் கேட்டிருந்தீங்கள். பிழை என்னிலதான். எட்டித் துடைக்கச் சாய்ஞ்சிட்டன். ஏணி நல்லாத்தான் நிண்டது, அம்மா பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அப்பிடி இருந்தும்—"

"அனுப்பாதை பிள்ளை" என்றேன்.

"ஏன்?"

அந்த அறுபது பேரும் இனிமேல் மேலே இருப்பவரை மட்டும் கவனிப்பார்கள். ஒரு தகப்பன் ஒரு நிமிடம் என்று கையை விடுவான். அதை நினைத்துத்தான் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில், அவள் சொன்ன "அம்மா பிடிச்சுக்கொண்டு நிண்டவ" என்ற வார்த்தையை இன்னொரு முறை கேட்க என்னால் முடியவில்லை.

"நீ சாய்ஞ்சதால இல்லை. நான் ஏணியில நிக்கேல்லை."

அவள் கைபேசியை மெல்லக் கீழே வைத்தாள். "அப்ப எங்க நிண்டனீங்கள்?"

"உள்ளுக்க. சுகந்தி கூப்பிட்டவ. அரிசி போட."

"எனக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். உனக்குக் கேட்டதோ தெரியாது. நான் பாக்கேல்லை."

அவள் கைபேசியை மீண்டும் எடுத்துப் பதிவை அழித்தாள். பிறகு, "நான் ஒவ்வொரு டொக்டருக்கும் என்ர பிழை எண்டு சொல்லேக்க நீங்கள் பக்கத்திலதான் இருந்தனீங்கள்" என்றாள்.

"ஓம்."

"ஓகே. நீங்கள் போங்கோ அம்மா."

கத்தியிருந்தால் நான் இருந்திருப்பேன். அவள் வாடிக்கையாளருக்குச் சொல்வது போலச் சொன்னாள். மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றே காரில் கணவருக்கும் சொன்னேன். "எனக்காவது அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். சமையலறையில் எனக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, அவர் ஆரணியின் அறையில் போய்ப் படுத்தார்.

அதற்குப் பிறகும் தினமும் அவரோடு மருத்துவமனைக்கு வருகிறேன். அவர் மேலே போவார். நான் கீழே நுழைவாயில் கதிரையில் இருப்பேன். அவர் இறங்கி வரும்போது முகத்தைப் பார்த்து அன்றைய நிலைமையைத் தெரிந்துகொள்வேன். ஒரு நாள் அவர் கைபேசியில் வீடியோ எடுத்து வந்தார். இரண்டு சமாந்தரக் கம்பிகளுக்கு நடுவே, கவசம் கட்டிய முதுகோடு ஆரணி நிற்கிறாள். பதினொரு வினாடி. இடது முழங்கால் நடுங்குகிறது. வலது காலைத் தாங்கு கட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பிறகு விழுவது போல உட்கார்கிறாள். அந்தப் பதினொரு வினாடியை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. அவள் ஒருமுறைகூடக் கமராவைப் பார்க்கவில்லை.

இதை அந்தக் கதிரையில் இருந்துதான் எழுதினேன். குழுவுக்கு அனுப்பலாமா என்று ஆரணியிடம் கேட்கும்படி அவரிடம் கொடுத்து மேலே அனுப்பினேன். அவள் படிக்க மாட்டாள் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். படித்துவிட்டாளாம். திருத்தியும் இருக்கிறாள்.

கீழே நிற்பவர் போக வேண்டியிருந்தால் மேலே இருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு அவள் எழுதியது இது: "சொன்னால் மட்டும் காணாது. மேலே நிற்பவர் இறங்கி நிலத்தில் நிற்கும் வரை போகக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது." உப்புப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தாள்: "அந்தக் குளிரில் சாதாரண உப்பு வேலை செய்யாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏறினேன். இதையும் போடுங்கோ." வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார் அவர். என்னைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியையும் அவள் வெட்டவில்லை.

மூன்றாவது திருத்தம் ஒரு எண். அவள் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாள் என்பதை அந்தப் பிரதியில் பதினான்கு அடி என்று எழுதி வைத்திருந்தேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன், அதுதான் சரியென்றும் நம்பியிருந்தேன். அவள் அதை அடித்துப் பதினாறு என்று எழுதியிருந்தாள். கோணத்தைக் கணக்கிட்ட நான் உயரத்தை அவளிடம் கேட்கவே இல்லை.